இலை மடித்தாச்சா? கெர்னல் நினைவகத்தில் ரேஸ் கண்டிஷன் என்றால் என்ன

"மாமா, அந்த பக் போயிடுச்சி லா. நடுவுல பத்து மில்லிசெகண்ட் தூங்க வெச்சேன், இப்ப கிராஷே ஆகல."

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு இது. பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போகிறான். கேமரா எடுக்கும் படங்களை லினக்ஸ் கணினிக்குள் வாங்கி வைக்கிற ஒரு சின்ன டிரைவர் நிரலை அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை கணினி அப்படியே உறைந்து போகுமாம். "ரேஸ் கண்டிஷனா இருக்கும்" என்று சீனியர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். ரேஸ் என்றால் ஓட்டப்பந்தயம், ஓடுகிறவனை மெதுவாக்கினால் தீர்ந்தது என்று இவனாகவே முடிவு கட்டிவிட்டான்.

மூன்றாம் நாள் மறுபடி உறைந்தது. திட்டவில்லை. இருபது வருடம் இந்த வேலையில் இருப்பவர்களும் இதே தூக்க மாத்திரையைப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் அவனை ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழை இலைக் கடைக்குக் கூட்டிப் போனேன். எனக்கு வேண்டிய பாதிப் பாடத்தை அந்தக் கடையே நடத்தியது.

## நாலாம் மேசை

பன்னிரண்டே முக்கால், கடையில் கால் வைக்க இடமில்லை. வாசலில் நின்றிருந்த பணியாளர் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். நாலாம் மேசை காலி. "வாங்க, வாங்க" என்று எங்களை அழைத்துக்கொண்டு நடந்தார். பத்தடி தூரம்தான். போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். பின்வாசல் பக்கம் இருந்த இன்னொரு பணியாளரும் அதே மேசையைக் காலியாகப் பார்த்து அவர்களை உட்கார வைத்திருக்கிறார்.

இதில் யார் தப்பு செய்தார்கள்? யாரும் வேகமாக ஓடவில்லை, பொய் சொல்லவில்லை. வாசல் அண்ணன் பார்த்தபோது மேசை நிஜமாகவே காலிதான். பார்த்ததற்கும் உட்கார வைப்பதற்கும் நடுவில் பத்தடி இருந்தது. அந்தப் பத்தடிக்குள் அவர் பார்த்த உண்மை காலாவதியாகிவிட்டது.

ரேஸ் கண்டிஷன் என்பது இதுதான். ஒரே பொருளை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தொடுகிறார்கள். யார் எந்த வரிசையில் தொட்டார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறிப்போகிறது. பெயரில் ரேஸ் இருந்தாலும் விஷயம் வேகத்தைப் பற்றியது அல்ல, இடைவெளியைப் பற்றியது.

அக்கா மகனின் வைத்தியத்தை இங்கே போட்டுப் பாருங்கள். வாசல் அண்ணனிடம் "மேசையைப் பார்த்தபின் பத்து வினாடி நின்றுவிட்டு நட" என்றால் என்ன ஆகும்? சில நாள் பாட்டி வருகிற நேரம் தள்ளிப்போய் மோதல் நடக்காமல் இருக்கலாம். ஆனால் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது, சொல்லப்போனால் பெரிதாகிவிட்டது.

## கெர்னல் என்கிற மேலாளர்

இனி கடையிலிருந்து கணினிக்கு. கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுக்கரு. கருனி என்று கலைச்சொல் உண்டு. வேலையிடத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிரவுசர், பாட்டுச் செயலி, வாட்ஸ்அப் எல்லாமே நினைவகம் வேண்டுமென்றால் இதனிடம்தான் கேட்க வேண்டும்.

கெர்னல் நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்கிறது. ஒரு துண்டுக்குப் பேஜ் என்று பெயர். நம் வீட்டு மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் ஒரு பேஜ் 4,096 பைட். 8 ஜிபி நினைவகம் என்றால் 20,97,152 பேஜ்கள். இவ்வளவு மேசைகள் உள்ள கடை! எந்த நிரலுக்கு எந்த மேசை என்று எழுதி வைக்கிற பேரேடு பேஜ் டேபிள்.

பணியாளர்கள் யார்? நவீன சிப்பில் நாலு, எட்டு, பதினாறு என்று கோர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கோரும் தனியாக, அதே நேரத்தில் வேலை செய்கிற ஓர் ஆள். ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளுக்குத் திரெட் என்று பெயர். எட்டுக் கோர்களில் எட்டுத் திரெட்கள் ஒரே பேரேட்டை ஒரே கணத்தில் புரட்டலாம்.

"இது எவ்வளவு அபூர்வம் மாமா, பத்து லட்சத்துல ஒரு தடவை நடக்குமா?" என்று கேட்டான். நடக்கட்டும். நொடிக்கு ஒரு லட்சம் தடவை செய்கிற வேலையில் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்றால் பத்து வினாடிக்கு ஒரு மோதல். கெர்னலில் அபூர்வம் என்ற சொல்லுக்கு அர்த்தம் வேறு.

சுருக்கமாக இதுவரை: பேஜ் என்பது மேசை, பேஜ் டேபிள் பேரேடு, கோர்கள் பணியாளர்கள். பேரேட்டைப் பார்ப்பதற்கும் அதை நம்பி ஒன்றைச் செய்வதற்கும் நடுவே இன்னொருவர் புகுந்துவிடுவதுதான் சிக்கல்.

## ஒன்றைக் கழிக்க மூன்று படி

ஒரு பேஜை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் எண்ணிக்கை வைத்திருக்கும். சுழியம் ஆனால் பேஜை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். இது ரெஃப்கவுண்ட்.

"எண்ணிக்கையில் ஒன்றைக் கழி" என்பது நமக்கு ஒரே வேலை. சிப்புக்கு மூன்று: இருக்கிற எண்ணைப் படி, கழி, திரும்ப எழுது. இப்போது எண்ணிக்கை 2. முதல் கோர் 2 என்று படிக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாம் கோரும் 2 என்று படிக்கிறது. இரண்டும் தனித்தனியே கழித்து 1 என்று எழுதுகின்றன. இரண்டு பேரும் போய்விட்டார்கள், ஏட்டில் இன்னும் ஒருவர் இருக்கிறார். அந்த பேஜ் இனி யாருக்கும் கிடைக்காது.

இது வீண்செலவு மட்டும்தான். இதையே கூட்டலுக்குத் திருப்பிப் பாருங்கள்: இரண்டு பேர் வந்து ஒருவர் மட்டும் கணக்கில் ஏறினால், ஒருவர் போனதும் சுழியம் ஆகிவிடும். இன்னொருவர் உட்கார்ந்திருக்கும்போதே மேசை அடுத்தவருக்குப் போகும்.

இதற்கு வன்பொருளிலேயே மருந்து இருக்கிறது. படித்து, கழித்து, எழுதும் மூன்றையும் யாரும் நடுவில் புக முடியாதபடி ஒட்டிச் செய்கிற கட்டளைகளை அட்டாமிக் என்பார்கள். ஆனால் இரண்டு அட்டாமிக் வேலைகளை அடுத்தடுத்து எழுதினால் அவை இரண்டும் சேர்ந்து அட்டாமிக் ஆகிவிடாது. நடுவில் மறுபடி ஒரு பத்தடி வந்துவிடும்.

## இலையை எப்போது எடுப்பது

எங்களுக்கு ஏழாம் மேசை கிடைத்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவனுக்குப் போன் வந்தது. எச்சில் கையோடு இடக்கையில் போனைப் பிடித்தபடி வெளியே போனான். மேசை துடைக்கிற பையன் வந்து இலையில் கை வைத்தான். நான் தடுத்திராவிட்டால் இலை போயிருக்கும்; அவன் திரும்பி வரும்போது அதே இடத்தில் இன்னொருவருடைய இலை இருந்திருக்கும். இவன் பாட்டுக்குப் போனைப் பார்த்தபடியே கையை விட்டிருப்பான்.

கெர்னலில் இதற்கு யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ என்று பெயர்: விட்டுக்கொடுத்த நினைவகத்தை இன்னும் நம்முடையது என்று எண்ணித் தொடுவது. உடனே உறைந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் உறையாது. வேறொருவருடைய தரவு சத்தமில்லாமல் கெட்டுப்போகும். கெட்டது எங்கேயோ, வெடிப்பது எங்கேயோ.

அதனால்தான் நம் கடைகளில் இலையை மடிக்கிற வழக்கம். மடித்தால் முடித்தாச்சு. நாலு பேர் உட்கார்ந்த மேசையில் நாலு இலையும் மடிந்தபின்தான் துடைக்கலாம். ரெஃப்கவுண்ட் செய்வது இதைத்தான்: பயன்படுத்தத் தொடங்கும் முன் ஒன்று கூட்டு, முடித்தபின் ஒன்று கழி, கடைசி ஆள் விளக்கை அணைப்பதுபோல் சுழியமாக்குகிறவர் பேஜைத் திருப்பிக் கொடு. இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. சுழியத்தைத் தொட்ட எண்ணிக்கையில் மறுபடி ஏறக்கூடாது. துடைக்கத் தொடங்கிய மேசையில் உட்காராதே என்பதுபோல. லினக்ஸில் "சுழியமாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டு" என்பதற்கென்றே தனி அட்டாமிக் வேலை இருக்கிறது.

அக்கா மகனின் டிரைவரில் நடந்ததும் இலை எடுத்த கதைதான். படம் வந்து தங்கும் நினைவக இடத்துக்குப் பஃபர் என்று பெயர். ஒரு திரெட் "பஃபர் இருக்கிறதா?" என்று பார்த்து, இருக்கிறது என்று தெரிந்ததும் படத்தை நகலெடுக்கத் தொடங்கும். அதே நேரம் இன்னொரு திரெட் கேமராவை மூடி, பஃபரை விட்டுவிடும். விடுவதற்கு முன் பத்து மில்லிசெகண்ட் தூங்கினால் பெரும்பாலும் நகலெடுப்பு முடிந்திருக்கும். கணினிக்கு வேலை அதிகமான நாளில் முடிந்திருக்காது.

## பூட்டு என்பது ஒப்பந்தம்

அடுத்த மருந்து பூட்டு, அதாவது லாக். ஒருவர் பிடித்திருக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். "லாக் போட்டா சரியாயிடும்" என்பது இரண்டாவது பெரிய தப்பெண்ணம்.

கெர்னல் பூட்டு இரும்புப் பூட்டு அல்ல. கழிப்பறைச் சாவி கல்லாவில் தொங்குகிற கடையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கதவில் தாழ்ப்பாளே கிடையாது. சாவியை எடுத்தவர்தான் போகலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே ஒருவர் சாவி எடுக்காமல் போனாலும் மற்ற அத்தனை பேருடைய ஒழுக்கமும் வீண். ஆகவே பூட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி "இது எந்தத் தரவைக் காக்கிறது?" என்பது. "எந்த வரிகளைச் சுற்றிப் போட்டிருக்கிறேன்?" என்று கேட்டால் தப்பான இடத்தில் தேடுவீர்கள்.

அளவும் ஒரு தலைவலி. முழுக் கடைக்கும் ஒரே சாவி என்றால் மோதல் வராது, சாப்பாடும் வராது. லினக்ஸில் ஒரு காலத்தில் கெர்னல் முழுவதற்கும் பெரிய பூட்டு ஒன்று இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி 2011இல்தான் முழுதாக நீக்கினார்கள். நினைவகப் பகுதியில் ஒவ்வொரு நிரலின் முகவரி வரைபடத்துக்கும் (எந்த முகவரிப் பகுதி எதற்கு என்ற கணக்கு) ஒரு பூட்டு உண்டு. பலர் ஒரே நேரத்தில் படிக்கலாம், ஆனால் மாற்றுகிறவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். பல திரெட்கள் உள்ள பெரிய நிரல்களில் அதுவே நெரிசலாகிவிட, 2023இல் வந்த 6.4 பதிப்பில் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பூட்டு கொண்டுவந்தார்கள். மேசைக்கு ஒரு சாவி என்பதுபோல.

சாவிகள் பெருகினால் வேறு வம்பு. நான் சமையலறைச் சாவியோடு ஸ்டோர் சாவிக்குக் காத்திருக்கிறேன், நீங்கள் ஸ்டோர் சாவியோடு சமையலறைச் சாவிக்கு. இரண்டு பேரும் நாளைக்கும் அங்கேயே நிற்போம். இது டெட்லாக். தீர்வு எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்: எல்லோரும் ஒரே வரிசையில் சாவி எடுக்க வேண்டும். லினக்ஸ் நினைவகக் கோப்பு ஒன்றின் தலையில் எந்தப் பூட்டுக்குள் எந்தப் பூட்டு என்று படிக்கட்டு மாதிரி எழுதியே வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் நிரல்வரிகளைப் படிப்பதற்கு முன் அந்தக் குறிப்பைப் படிப்பது நல்லது.

## பூட்டியபின் மறுபடி பார்

எனக்குப் பிடித்த உத்தி இது. ஒரு நிரல் இன்னும் மேசை ஒதுக்கப்படாத முகவரியைத் தொட்டால் சிப் நிறுத்திவிட்டுக் கெர்னலைக் கூப்பிடும். அதுதான் பேஜ் ஃபால்ட். பெயரில் ஃபால்ட் இருந்தாலும் இது அன்றாட வேலை. கெர்னல் காலியான பேஜ் ஒன்றைத் தேடிப் பேரேட்டில் எழுத வேண்டும்.

இரண்டு திரெட்கள் ஒரே முகவரியை ஒரே கணத்தில் தொட்டால்? பேரேட்டைப் பூட்டிவிட்டுப் பேஜ் தேடலாம் என்று தோன்றும். முடியாது. நினைவகம் தட்டுப்பாடாக இருந்தால் தேடுவதற்கு நேரமாகும், தூங்கிக் காத்திருக்கவும் வேண்டிவரும். இந்தச் சின்னப் பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்க அனுமதி இல்லை. ஆகவே கெர்னல் இப்படிச் செய்கிறது. பூட்டாமலே பேஜைத் தேடி எடுத்துக்கொள்கிறது. பிறகு பூட்டுகிறது. பூட்டியபின் பேரேட்டை *மறுபடி* பார்க்கிறது. அந்த வரி இன்னும் காலியா? காலி என்றால் எழுது. வேறு திரெட் அதற்குள் எழுதிவிட்டதா? சண்டை வேண்டாம், கையில் உள்ள பேஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடு. எப்படியும் மேசை கிடைத்துவிட்டது.

வாசல் அண்ணன் எங்களை அழைத்து வந்து, நாற்காலியில் கை வைத்தபடி ஒருமுறை பார்த்துவிட்டு "உட்காருங்க" என்று சொல்வதற்குச் சமம். முதலில் பார்த்தது ஊகம். கை வைத்துப் பார்த்ததுதான் உறுதி.

சுருக்கமாக: அட்டாமிக் ஓர் எண்ணைக் காக்கும். ரெஃப்கவுண்ட் பொருள் உயிரோடு இருப்பதைக் காக்கும். பூட்டு பல தரவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதைக் காக்கும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

## டர்ட்டி கவ்: ஒன்பது வருடம் ஒளிந்திருந்த இடைவெளி

இந்தத் துறையில் ஊரறிந்த உதாரணம் 2016 அக்டோபரில் வெளியான டர்ட்டி கவ் என்ற பாதுகாப்பு ஓட்டை. ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் பதிவு எண் சிவிஇ-2016-5195. பசு எங்கே வந்தது என்றால், காப்பி-ஆன்-ரைட் என்ற நுட்பத்தின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து பசுவாகிவிட்டன.

காப்பி-ஆன்-ரைட் இப்படி. சமையலறைச் சுவரில் சாம்பார் அளவுகள் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. எல்லோரும் படிக்கலாம், யாரும் அதில் கிறுக்கக் கூடாது. கிறுக்க வேண்டுமென்றால் ஜெராக்ஸ் எடுத்து உன் பிரதியில் கிறுக்கு. படிப்பவர்களுக்கெல்லாம் தனிப் பிரதி வேண்டியதில்லை என்பதால் நினைவகம் மிச்சம்.

கெர்னலுக்குள் ஒரு குறிப்பிட்ட வழியில் எழுத வரும்போது நடந்தது இது: எழுத அனுமதி இல்லை என்று கண்டதும் பிரதி எடுக்கப்படும். "பிரதி எடுத்தாச்சு, இனி எழுத அனுமதி உண்டா என்று கேட்க வேண்டாம்" என்று அந்தக் கேள்வி கைவிடப்படும். பிறகு தாளை மறுபடி தேடி எடுத்து எழுதப்படும். பிரதி எடுத்ததற்கும் மறுபடி தேடுவதற்கும் நடுவில் இன்னொரு திரெட் "அந்தப் பிரதி எனக்கு வேண்டாம்" என்று தூக்கிப் போட்டுவிட்டால்? தேடும்போது சுவரில் உள்ள அசல்தான் கிடைக்கும். அனுமதிக் கேள்வியையோ முன்பே விட்டாயிற்று. அசலிலேயே எழுதிவிடும். இதனால் சாதாரணப் பயனர் ஒருவர், படிக்க மட்டும் உரிமையுள்ள கணினிக் கோப்புகளை மாற்றி முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. ஆண்ட்ராய்டு போன்களும் தப்பவில்லை.

இந்த ஓட்டை 2007இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து இருந்தது. பில் ஓஸ்டர் என்பவர், தாக்கப்பட்ட ஒரு சர்வருக்கு வந்த போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்ததால் கண்டுபிடித்தார். இதில் இன்னொரு கதையும் உண்டு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இலேயே இதைச் சரிசெய்யப் பார்த்தார். எஸ்390 என்ற ஐபிஎம் பெரிய கணினிகளில் அது சிக்கல் தந்ததால் திரும்பப் பெறப்பட்டது. அப்போது ஏட்டளவில் மட்டுமே இருந்த ரேஸ், பிற்பாடு எளிதாகத் தூண்டக்கூடியதாகிவிட்டது என்று அவரே 2016 திருத்தக் குறிப்பில் எழுதினார்.

திருத்தத்தைப் பாருங்கள், அதில் தாமதம் இல்லை, புதுப் பூட்டும் இல்லை. எழுத அனுமதி உண்டா என்ற கேள்வியைக் கைவிடாமல் வைத்துக்கொண்டார்கள். பிரதி எடுத்ததற்குத் தனியாக ஓர் அடையாளம் வைத்தார்கள். மறுபடி தேடும்போது கையில் கிடைத்தது நிஜமாகவே பிரதிதானா என்று சரிபார்த்த பிறகே எழுத விட்டார்கள். நாற்காலியில் கை வைத்துப் பார்ப்பதேதான். அடுத்த ஆண்டு நவம்பரில், இந்தச் சரிபார்ப்பு பெரிய அளவு பேஜ்கள் விஷயத்தில் போதவில்லை என்று தெரிந்து இன்னொரு திருத்தம் தேவைப்பட்டது. ரேஸைச் சரிசெய்வது ஒரே நாளில் முடிகிற வேலை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

## பழைய மெனுவைக் கிழிக்கும் நேரம்

பூட்டே இல்லாமல் படிக்க விடும் ஒரு நுட்பமும் லினக்ஸில் பரவலாக உண்டு: ஆர்சியு. விலை மாறினால் கடைக்காரர் புது மெனு அட்டையை வைப்பார். பழைய அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடமிருந்து பிடுங்க மாட்டார். அவர்கள் எல்லோரும் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தபின்தான் பழையதைக் கிழிப்பார். படிப்பவர்கள் யாருக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் "நான் படிக்கிறேன்" என்று படிப்பவர் கை தூக்கியிருக்க வேண்டும். 2023இல் பிடிபட்ட ஸ்டாக்ராட் என்ற பிழை இங்கேதான் நுழைந்தது. முகவரி வரைபடத்தை வைக்கும் அமைப்பைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். புது அமைப்பில் சில மாற்றங்கள் பழைய அட்டையைத் தள்ளிப் புதியதை வைக்கும். ஸ்டாக் (நிரல் தன் தற்காலிகத் தரவை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி) வளரும்போது அந்த மாற்றம், படிக்கும் பூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தது. அதே படிக்கும் பூட்டோடு இருந்த மற்றவர்கள் ஆர்சியு முறையில் கை தூக்கவில்லை. பூட்டு இருக்கிறதே என்று நம்பினார்கள். கையில் அட்டை இருக்கும்போதே கிழிக்கப்பட்டது. எல்லோர் கையிலும் ஏதோ ஒரு சாவி இருந்தது, அது அந்த அறைக்கான சாவி அல்ல. 6.1 முதல் 6.4 வரையான பதிப்புகள் பாதிக்கப்பட்டன. ஸ்டாக்கை வளர்ப்பவர் எழுதும் பூட்டைத்தான் எடுக்க வேண்டும் என்று மாற்றிச் சரிசெய்தார்கள்.

## தூக்கத்துக்கு ஒரு நல்ல வேலை

கைகழுவிவிட்டு வந்து தே ஓ சொன்னோம். "அப்போ நான் போட்ட ஸ்லீப் சுத்த வேஸ்ட்டா மாமா?" என்றான்.

வேஸ்ட் இல்லை, இடம்தான் தப்பு. லினக்ஸில் 2020 முதல் கேசிசான் என்றொரு கருவி இருக்கிறது. ஒரு திரெட் தரவைத் தொடும் இடத்தில் அதை வேண்டுமென்றே சற்று நிறுத்தி வைத்து, அதற்குள் வேறு யாராவது அதே தரவைத் தொடுகிறார்களா என்று அது கண்காணிக்கும். பத்தடியை நூறடியாக்கினால் பாட்டியும் பேத்தியும் தினமும் மாட்டுவார்கள். தாமதம் பிழையைத் தீர்க்காது. பிழையை வெளியே இழுத்து வரும்.

ரசீதின் பின்பக்கத்தில் அவனை எழுதச் சொன்னேன்: பஃபரை யார் யார் தொடுகிறார்கள், யார் எப்போது இலை மடிக்கிறார்கள். மூன்று பெயர் எழுதினான். நாலாவதாக ஒருவர் இருந்ததை அவனே கண்டுபிடித்தான்; கேமரா கேபிளைப் பிடுங்கினால் ஓடுகிற பகுதி.

அன்று ராத்திரி அந்தத் தூக்கத்தை, பஃபரை விடுகிற இடத்திலிருந்து எடுத்து, "பஃபர் இருக்கிறதா" என்று பார்ப்பதற்கும் நகலெடுப்பதற்கும் நடுவே வைத்தான். வாரத்துக்கு இரண்டு தடவை வந்த கிராஷ் முதல் நிமிடத்திலேயே வந்தது, மறுபடி ஓட்டினால் மறுபடியும் வந்தது. அதன்பின் ரெஃப்கவுண்ட் சேர்த்தான். பஃபர் இருக்கிறதா என்று பார்ப்பதையும் எண்ணிக்கையைக் கூட்டுவதையும் ஒரே பூட்டுக்குள் கொண்டுவந்தான். தூக்கத்தை மட்டும் அங்கேயே விட்டுவைத்து ஞாயிறு முழுக்க ஓட விட்டான்.

திங்கள் காலை பசியாறிக்கொண்டிருக்கும்போது திரையின் வீடியோ ஒன்று வந்தது, கிராஷ் இல்லாமல் எண்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. கீழே ஒரு வரி: "மாமா, இப்ப ஸ்லீப்ப எடுத்துடவா?"

கேபிளைப் பிடுங்கிப் பார்த்தாயா என்று கேட்டேன். பதில் வர இருபது நிமிடம் ஆனது.

"பிடுங்கிட்டேன். ஓடுது."


"சரி, எடு."